பறவை ஏரியும் வழிகாட்டியும்

செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை அவ்வூர்க் குடிகள் தலைமுறை தலைமுறையாய்க் காத்து வருகின்றனர். பறவைகளைச் சுட வருவோரைத் தடுக்கும் அவர்களது உரிமையைக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் ஒப்புக்கொண்டார். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாய்ப் பாய்வதே இக்காவலின் ஊதியம்.

நாரையும் கூழைக்கடாவும் காண வருவோர் மிகுந்துள்ள இக்காலத்தில், கூச்சலும் நெருக்கமும் பறவைகளை வெருட்டும். பறவை அகன்றால் உரமும் அகலும். ஆதலின், வருவோரைக் கரைமேல் நடத்திச் சென்று விளக்கும் வழிகாட்டி, ஆயக்கட்டுக் குடிகளில் ஒருவராயிருத்தல் வேண்டும். ஏரியால் பிழைப்பவனே அதன் அமைதியைப் பேணுவான். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஏரி தூர் வாருவதற்கு ஒதுக்குதலும் நியாயமே. நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தில் கவனஞ் செலுத்துவார்களாக.