பிடி அரிசியும் மேடைச் சேலையும்

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபையில் விதவைகள் முப்பது பேருக்குச் சேலை கொடுத்தோம். பட்டியல் எழுதியவன் நான். ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டோம். உபயதாரர் சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார், வாங்குகிறவர் மறுமுனையை. இரண்டு பேரும் கேமராவைப் பார்க்க வேண்டும். பதினேழாவது பெயரை வாசித்தேன். ஆள் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது வரிசையில்தான் இருந்தார். மறுபடியும் வாசித்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் சேலையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். “எய்யா, காலையிலேயே இப்படிக் கொண்டு வந்திருந்தா வாங்கியிருப்பம்லா” என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். சேலையை வாங்கவில்லை.

கமிட்டியில் அதற்குத் ‘திமிர்’ என்று பெயர் வைத்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது திமிர் இல்லை என்று அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

அவர் பனையேறியின் மனைவி. ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, அதை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவந்த தலைமுறை. திருநெல்வேலிச் சீமையின் சபைகள் இந்தப் பிடி அரிசியில் வளர்ந்தவை. 1903-இல் பாளையங்கோட்டையில் அசரியா முதலானவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஆட்களும் நம் பணமும் போதும் என்று சொல்ல முடிந்தது என்றால், இப்படிப்பட்ட வீடுகள் இருந்ததால்தான். அந்த அரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழும். எந்தப் பிடி யாருடையது என்று கர்த்தருக்கு மட்டும்தான் தெரியும். கொடுத்தவர் பெயரும் கிடையாது, வாங்கினவர் முகமும் கிடையாது. அப்படிக் கொடுத்தே பழகினவரைத்தான் நாம் மேடை ஏறி முகம் காட்டச் சொன்னோம்.

மத்தேயு ஆறாம் அதிகாரம் நமக்கெல்லாம் மனப்பாடம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது. அங்கே தமிழ் வேதாகமத்தில் நிற்கும் சொல் ‘தர்மம்’. அதே இடத்தில் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் ‘பிச்சை’ என்ற பொருளுள்ள சொல் இருக்கிறது. அவற்றிலும் பழையவற்றில் ‘நீதி’ என்ற சொல். எபிரேயர்களின் ‘செதாக்கா’வும் அப்படித்தான், நீதி என்றாலும் அதுதான், ஈகை என்றாலும் அதுதான். நம் ‘தர்மம்’ இரண்டையும் சுமக்கிறது. நாம்தான் நீதியை உதிர்த்துவிட்டுப் பிச்சையை மட்டும் வைத்துக்கொண்டோம். நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் பணக்காரர்களைப் பார்த்துச் சொன்னதன் சாரம் இதுதான்: ஏழைக்கு நீ உன்னுடையதைக் கொடுக்கவில்லை, அவனுடையதைத் திருப்பித் தருகிறாய். கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன் யாராவது போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு போவானா?

“படம் போட்டால்தான் அடுத்த வருஷம் காசு வரும், கணக்கும் காட்டணும்ல” என்கிறார்கள். கணக்கு கட்டாயம் வேண்டும். பவுல் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது, தன்மேல் ஒரு சொல் வந்துவிடக்கூடாது என்று சபைகள் நம்பிய ஆட்களைக் கூடவே அனுப்பினார். அதைக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் பார்க்கலாம். அங்கே பணத்துக்குச் சாட்சி இருக்கிறது. ஆனால் வாங்கிய ஏழை ஒருவரின் பெயர்கூடக் கிடையாது. அவர் அங்கே பேசுவது சமநிலையைப் பற்றி: இன்று உங்கள் மிகுதி அவர்கள் குறைவுக்கு, நாளை அவர்கள் மிகுதி உங்கள் குறைவுக்கு. கணக்கைத் தணிக்கையாளரிடம் காட்டுங்கள். விதவையின் முகம் ரசீது இல்லை.

“உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்றும் இயேசு சொல்லியிருக்கிறாரே” என்பார்கள். சொன்னார்தான். மனிதர் பார்த்துப் பிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்பதற்காக. எங்கள் மேடை பேனரில் உபயதாரர் படம் இருந்த அளவில் பாதிக்குக்கூடப் பிதாவின் நாமம் இல்லை.

எனக்கு எப்போதும் பயம் தருவது மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரம். பசித்தவனுக்குச் சோறு போட்டவர்களுக்கு, தாங்கள் எப்போது போட்டோம் என்றே ஞாபகம் இல்லை. ஆண்டவரிடமே கேட்கிறார்கள். நம்மிடம் அதே கேள்வி வந்தால் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

இதில் குற்றவாளி உபயதாரர் மட்டும் இல்லை. பதினேழாவது பெயரை இரண்டாம் தடவை வாசித்தது என் குரல்.

இந்த வருஷமும் பட்டியல் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுவேன். சேலைகள் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே வீடுகளுக்குப் போக வேண்டும். எத்தனை சேலை, என்ன விலை என்ற கணக்கு, பெயர்கள் இல்லாமல், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். மேடை வேண்டும் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். பெரியம்மா வீட்டுக்கு நானே போகிறேன். வாங்குவதும் வாங்காததும் அவர் இஷ்டம்.