சிற்பியைச் செய்த மலைகள்

எங்கள் ஊர் நரசிம்மரை வலம் வர நினைப்பவர் மலையைத்தான் சுற்றி வர வேண்டும். சிங்கப்பெருமாள் கோயில் மூலவர் குடைவரைக்குள் அமர்ந்திருக்கிறார். கருவறைக்குப் பின்சுவர் என்று தனியாக ஒன்று கிடையாது. அங்கே இருப்பது மலை. ஆகவே அர்ச்சகர் நாமத்தைச் சற்றே தூக்கி நெற்றிக்கண்ணைக் காட்டப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, அழிஞ்சில் மரத்தைக் கடந்து, குன்றை முழுதாக ஒரு சுற்று சுற்றினால்தான் பிரதட்சணம் முடியும். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு சுற்றியவர்களுக்குத் தெரியும், அந்தக் கல் எப்படிச் சுடும் என்று. ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோயில் வேறு, மலை வேறு என்று பிரித்துப் பார்க்க இந்த ஊரில் பிறந்த எவருக்கும் வராது.

பல்லவர் கலை என்றால் மன்னர்களைப் புகழ்கிறோம். கொஞ்சம் மனம் விரிந்தவர்கள் சிற்பிகளையும் புகழ்கிறார்கள். அந்தச் சிற்பிகளின் கையையும் கண்ணையும் பழக்கிய மலைகளைப் பற்றிப் பேச ஆளில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை சிதறிக் கிடக்கும் இந்தக் கருங்கல் குன்றுகள் இல்லையென்றால் அந்தக் கலை இல்லை. இதை உயர்வுநவிற்சியாகச் சொல்லவில்லை, கல்வெட்டே சாட்சி. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதை அமைத்தேன் என்று பொறித்து வைத்திருக்கிறான். அந்த நான்கும் இல்லாமல் ஒரு கோயிலை நினைத்துப் பார்க்கும் துணிச்சல் அவனுக்கு எங்கிருந்து வந்தது? கண்ணைத் திறந்தால் பாறை தெரியும் நாட்டை ஆண்டதிலிருந்துதான் வந்தது. செங்கல்பட்டை ஒட்டிய வல்லத்தில் அவனுக்கு அடங்கிய சிற்றரசன் மகன் கந்தசேனன் ஒரு குடைவரை செய்வித்தான். திருக்கழுக்குன்றத்து மலையில் ஒருகல் மண்டபம் இருக்கிறது. (அதன் மேல் 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கெட்ட பழக்கத்துக்கு வயது அதிகம்.) எங்கள் ஊர்க் குன்றும் இதே வரிசைதான்.

காவிரிப் படுகையைப் பாருங்கள். அங்கே குன்று இல்லை. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கருங்கல்லை வெளியிலிருந்துதான் கொண்டு வர வேண்டியிருந்தது. ஆனால் ஆறு கொண்டு வந்து கொட்டிய வண்டல் மண் அங்கே இருந்தது. மெழுகில் செய்த உருவத்தின் மேல் அந்த மண்ணைப் பூசினால், நகக்கண்ணின் கோடு வரை அச்சில் பதியும். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அந்த மண்ணை வைத்துத்தான் செப்புத்திருமேனி வார்க்கிறார்கள். அங்கே ஆறு, இங்கே பாறை. பிறந்த மண் எதைக் கொடுத்ததோ அதில்தான் அந்தந்த ஊர்க் கலைஞனின் கை தேர்ந்தது.

மாமல்லபுரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போதெல்லாம் நான் முதலில் சிற்பங்களைக் காட்டுவதில்லை. ஐந்து ரதங்களுக்கு எதிரே சற்றுத் தள்ளி மணலில் உட்கார வைத்து, உச்சிகளை மட்டும் ஒரே கோட்டால் இணைத்து வரையச் சொல்வேன். தெற்கே உயரமான தர்மராஜ ரதத்தில் தொடங்கும் கோடு, பீமன், அர்ச்சுனன் என்று இறங்கி, வடக்கே குடிசை போலிருக்கும் திரௌபதி ரதத்தில் தணிந்து முடியும். நான்கு கோயில்களையும் எடுத்துவிட்டு அந்தக் கோட்டை மட்டும் பார்த்தால், சரிந்து படுத்திருந்த ஒரு நீளமான பாறை தெரியும். அதுதான் பழைய பாறை. சிற்பி அதன் முதுகை மாற்றவில்லை. உயர்ந்த இடத்தில் மூன்று நிலை விமானம், தாழ்ந்த இடத்தில் கூரை வீடு. மேற்கே தனியாகக் கிடந்த இன்னொரு பாறையில் பின்பக்கம் வளைந்த சகாதேவ ரதத்தைச் செய்தான். பக்கத்திலேயே மிச்சமிருந்த கல்லில் ஓர் ஆனையை நிறுத்தினான். அந்தக் கோயிலின் பின்வளைவும் ஆனையின் பின்புறமும் ஒன்றை ஒன்று பார்த்துச் செய்தவை என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பாறை இதைவிடப் பெரிய பாடம். பகீரதன் தவமா, அர்ச்சுனன் தவமா என்ற வழக்கை அறிஞர்கள் நடத்தட்டும். என் அக்கறை பாறையின் நடுவே இருக்கும் பிளவின் மேல். அது இயற்கை இட்ட வெடிப்பு. சிற்பங்களுக்கு நடுவே இப்படி ஒரு பள்ளம் இருந்தால் வேறு எவனும் அதைக் குறை என்று ஒதுக்கியிருப்பான். இவன் அதையே ஆறாக்கினான். நாகங்களை அதில் மேலேறி வர வைத்தான்; பாறைக்கு மேலே தொட்டி கட்டி, அதிலிருந்து தண்ணீர் வழிந்து இறங்கும்படி செய்திருக்கிறார்கள். கோடைமழை பெய்ததும் செங்கல்பட்டுக் குன்றுகளின் பிளவுகளில் தண்ணீர் எப்படி இறங்கும் என்று பார்த்து வளர்ந்தவனுக்குத்தான் இது தோன்றும். இரு புறமும் வந்து நிற்கும் உயிர்களைப் பாருங்கள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான், பெரிய ஆனையின் காலடியில் ஒதுங்கும் குட்டிகள், எலிகள் சூழத் தவம் செய்யும் பூனை. பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கிறான் ஒருவன். பசு கன்றை நக்குகிறது. கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கும் கதையைச் சிற்பி எங்கே செதுக்கினான்? ஒரு மலையின் மேலேயே செதுக்கினான். தனியாக மலையைச் செதுக்கிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை, பாறை இருக்கிறதே. முன்னால் நிற்கும் தூண் மண்டபம் பிற்காலத்தில் சேர்த்தது. அதைக் கண்ணில் மறைத்துக்கொண்டு பார்த்தால் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

இந்தச் சிற்பிகளுக்குப் பெயர்கள் உண்டு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் கோயில் என்று ஊரார் சொல்லும் இடத்துப் பாறையில், சிலரது பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன். இந்தப் பெயர்களை நம் பள்ளிப் பிள்ளைகள் கேள்விப்பட்டதே இல்லை. பெருந்தச்சனோடு கொல்லனும் இருப்பது எனக்குப் பெரிய செய்தி. கருங்கல்லில் உளி மழுங்கும். மழுங்கிய உளியைத் தீட்டித் துவைச்சல் போட்டுத் தர உலைக்களம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மலைக்கு ஏற்ற இரும்பு, இரும்புக்கு ஏற்ற கை. முடிக்காமல் விட்ட பிடாரி ரதங்களிலும் வலையன்குட்டை ரதத்திலும் அந்தக் கையின் வேலை அப்படியே தெரிகிறது. பாறையைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, கட்டம் கட்டமாகப் பெயர்த்திருக்கிறார்கள்.

இன்றைக்கும் மாமல்லபுரத் தெருக்களில் உளிச்சத்தம் கேட்கிறது. 1957-இல் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்லூரியில் படித்தவர்கள் உலகமெங்கும் கோயில் கட்டுகிறார்கள். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த கணபதி ஸ்தபதிதான் 2000-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் தேதி குமரிமுனையில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கினார். சிறுதாமூர், அம்பாசமுத்திரம் பாறைகள் அந்தச் சிலையில் நிற்கின்றன. கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு, ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரித்தறியும் காது ஸ்தபதிகளுக்கு உண்டு. அந்தக் காது நூலகத்தில் வளராது. பாறையோடு பழக வேண்டும்.

இனி என் வகுப்பறைக்கு வருகிறேன். இயற்கைக் காட்சி வரையுங்கள் என்று சொன்னால், தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பிள்ளையும் இரண்டு முக்கோண மலை போடும். நடுவே சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் தென்னை, நாலு காக்கை. சன்னலுக்கு வெளியே எங்கள் குன்று இருக்கும். அதில் எங்கேயும் முக்கோணம் கிடையாது. வெயிலும் மழையும் பட்டுப் பட்டு ஓடு உரிந்து உருண்ட பாறைகள், இடுக்கில் முளைத்த ஆல், அடிவாரத்தில் பனை, மழைக்காலத்தில் கறுத்தும் மாசியில் வெளுத்தும் தெரியும் கல். பிள்ளைகளின் கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஏதோ ஓர் அச்சடித்த படம் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எடுக்க நான் கண்ட ஒரே வழி, பலகையும் பென்சிலுமாக அவர்களைப் பாறைக்கு அழைத்துப் போவதுதான். தொட்டுப் பார்த்துவிட்டு வரை என்பேன். காலையில் ஒரு தரம், நிழல் திரும்பிய பிறகு ஒரு தரம். முன்பு முக்கோணம் போட்ட அதே பிள்ளை, பாறையின் வயிற்றில் விழும் நிழலைத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவரும்.

பிரான்சில் செசான் என்ற ஓவியர் தன் ஊரான ஏக்ஸ் நகருக்குப் பக்கத்திலிருந்த சாந்த் விக்துவார் என்ற ஒரே மலையைத் திரும்பத் திரும்ப, டஜன் கணக்கில் வரைந்தார். 1906 அக்டோபரில் வெளியிடத்தில் வரைந்துகொண்டிருந்தபோது புயல்மழையில் நனைந்து, சில நாட்களில் இறந்தார். நவீன ஓவியத்தின் பாதையையே திருப்பியதில் அந்த ஒற்றை மலைக்குப் பங்கு உண்டு. அந்த மலையை யாரேனும் ஜல்லியாக்கியிருந்தால்?

அதைத்தான் நாம் இங்கே செய்துகொண்டிருக்கிறோம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தது பல்லாவரத்தில். சார்னோகைட் என்று உலகப் புவியியலாளர்கள் சொல்லும் பாறை வகை அதே பகுதிக் குன்றுகளை வைத்து ஆராயப்பட்டது. அந்தக் குன்றுகளில் வெடி வைத்து எடுத்தது போக மிஞ்சியவற்றைத் திரிசூலம் பக்கம் ரயிலில் போகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அங்கிருந்து தெற்கே செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கக் கிரஷர்கள் பரவிவிட்டன. வல்லத்துக் குடைவரையைத் தொல்லியல் சட்டம் காக்கிறது: 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடை, அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. அந்த எல்லைக்கு வெளியே இருக்கும் மலை, சட்டத்தின் கண்ணுக்கு வெறும் சிறுகனிமம். மகேந்திரன் பார்த்த மலைத்தொடர் மீட்டர் கணக்கில் முடிந்துவிடுவதில்லையே.

சாலைக்கும் வீட்டுக்கும் ஜல்லி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். குவாரியில் கூலிக்குப் போகும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகள் என்னிடம் படித்தவர்கள். எந்த மலையை எடுப்பது, எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்யும்போது கலையையும் ஒரு கணக்காக வைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். வழியும் இருக்கிறது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியின் குன்றுகளை, அவற்றின் குடைவரைக் கோயிலையும் சமணப் படுக்கைகளையும் பறவைகளையும் சேர்த்து எண்ணி, 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதலாவது. பின்னர் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு வந்தபோது ஊர் மக்கள் திரண்டார்கள். 2025 சனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வல்லம், சிங்கப்பெருமாள் கோயில், திருக்கழுக்குன்றம், பூஞ்சேரி ஆகியவற்றைச் சுற்றி எஞ்சியிருக்கும் குன்றுகளையும் அதே போல் அளந்து, வரைபடமிட்டு, கோயிலும் காடும் ஏரியும் சேர்ந்த ஒரே நிலமாக அறிவிக்க முடியும்.

கூடவே ஓவிய வகுப்பு. 2012-இல் அரசுப் பள்ளிகளில் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஓவிய ஆசிரியர்களுக்கு வாரத்தில் மூன்று அரை நாள்தான் வேலை. அந்த நேரத்துக்குள் பிள்ளைகளை எந்த மலைக்கு அழைத்துப் போவது? செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிகளுக்காவது ஆண்டுக்கு ஒருமுறை, வண்டிச் செலவை அரசே ஏற்று, குடைவரை ஒன்றில் ஒரு முழு நாள் வரையும் வகுப்பை வைக்கலாம். சிற்பக் கல்லூரி மாணவர்கள் வந்து உளி பிடிக்கும் விதத்தைக் காட்டலாம். பெரிய செலவில்லை.

குவாரிக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும்போது, ஊர் மக்களே, அதற்குப் போங்கள். போகும்போது உங்கள் பிள்ளை வரைந்த அந்த மலையின் படத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போய், உங்கள் ஆட்சேபத்தோடு சேர்த்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.