நாலாவது கையெழுத்து

நேற்று காலை தட்டாஞ்சாவடி டீக்கடையில் நண்பர் ஒருவர் சொன்னார்: "கவர்மெண்டு கட்டுற வீட்டுக்குப் பூச்சே வேணாம் சார். பூசினாத்தானே உதிரும்?" எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் நடந்தது நினைவிருக்கும். குடிசை மாற்று வாரியம் கட்டிய புத்தம் புது அடுக்குமாடி. கையால் தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதன் பிறகுதான் ஐ.ஐ.டி. வல்லுநர்களை அழைத்தார்கள். பூச்சுவேலை தரமில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பொறியாளர்கள் இருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஐ.ஐ.டி.க்காரர்களை ஜனங்கள் குடியேறுவதற்கு முன்பே ஏன் அழைக்கவில்லை?

காரணம் எனக்குத் தெரியும். பணிக்காலத்தில் கட்டட பில்களைப் பாஸ் செய்யும் மேஜையில் உட்கார்ந்தவன் நான். இளநிலைப் பொறியாளர் அளந்து எம்.புக்கில் எழுதுவார். உதவிப் பொறியாளர் சரிபார்ப்பார். செயற்பொறியாளர் கையெழுத்திடுவார். மூவரும் ஒரே இலாகா. மூன்று கையெழுத்து இருந்தால் நாலாவதை நான் போடுவேன். கூட்டல் கழித்தல் சரியாக இருக்கும். அந்தச் சுவரை ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. இதை இன்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

"அதற்குத்தான் சி.ஏ.ஜி. இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் பணம் செலவான பிறகு, தேர்ந்தெடுத்த சில கோப்புகளைத்தான் அது பார்க்கும். அறிக்கை சட்டசபைக்கு வருவதற்குள் பூச்சும் உதிர்ந்திருக்கும், ஒப்பந்ததாரரும் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

புளியந்தோப்புக்குப் பின் அந்த வாரியத்துக்கு 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர் மாறியது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய கட்டடம் ஒன்று இடிந்து, 24 வீடுகள் தரைமட்டமாயின. உயிர்ச்சேதம் இல்லை. குடியிருந்தவர்கள் விரிசலைக் கண்டு முன்னதாகவே வெளியே வந்துவிட்டார்கள். அன்று தணிக்கை செய்தது அந்த ஏழைகள்தான், சம்பளம் இல்லாமல்.

நம் புதுச்சேரியிலும் வீட்டு வசதி வாரியம் உண்டு, குடிசை மாற்று வாரியம் உண்டு. யார் மீதும் நான் பழி போடவில்லை. மூன்று கோரிக்கைகள் மட்டும் வைக்கிறேன்.

ஒன்று, சாவி கொடுக்கும் முன் வாரியத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் சம்பந்தமில்லாத வல்லுநர் கட்டடத்தைச் சோதிக்க வேண்டும். அவர் ஒப்புதல் தராமல் கடைசி பில் பாஸ் ஆகக்கூடாது. பழைய கட்டடங்களுக்கும் குறித்த காலத்தில் இதே சோதனை வேண்டும்.

இரண்டு, அந்த அறிக்கையைத் தமிழில் கட்டடத்தின் வாசலிலேயே ஒட்ட வேண்டும்.

மூன்று, நமக்கென்று ஒரு தகவல் ஆணையம் வேண்டும். 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. தட்டாஞ்சாவடிக்காரர் இரண்டாவது மேல்முறையீடு செய்ய இன்னமும் டெல்லியில் உள்ள மத்திய ஆணையத்துக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

செலவாகும், தாமதமாகும் என்பார்கள். சொந்த வீடு கட்டும்போது நாம் கொத்தனாரை மட்டும் நம்பி விடுகிறோமா? தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்து சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்வதில்லையா? ஏழையின் சுவரையும் ஒருவர் தட்டிப் பார்க்கட்டும். நாலாவது கையெழுத்தை அவர் போடட்டும்.