யூனியன் வந்தா மில்லை மூடிருவாங்களா?

"யூனியன் வந்துச்சு, தொழில் போச்சு." திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிச்சா இந்த வசனம் இலவசம். போன வாரமும் ஒரு பெரியவர் ஆரம்பிச்சார். "கவர்மென்ட்காரனுக்கு சங்கம், பென்ஷன், எல்லாம் நம்ம வரிப்பணம் தம்பி." அங்கே சொல்லாம வந்ததை இங்கே கொட்டிடறேன்.

அரசு ஊழியர் சங்கங்கள் மேல எனக்கும் கோபம் உண்டு. அதே ஆபீஸைக் கூட்டிப் பெருக்கற கான்ட்ராக்ட் அம்மாவுக்கு என்ன கூலின்னு எத்தனை சங்கம் கேட்டுச்சு? ஆனா ஒண்ணு. 2003 ஜூலையில ஸ்ட்ரைக் பண்ண சுமார் 1.7 லட்சம் பேரை ஜெயலலிதா அரசு டிஸ்மிஸ் பண்ணுச்சு. ஸ்ட்ரைக் உரிமையே கிடையாதுன்னு ஆகஸ்ட் 6-ல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. அப்படியும் பெரும்பாலானவங்களைத் திரும்ப எடுத்தாங்க. கூட்டமா இருந்ததாலதான்.

விடிகாலையில வேடசந்தூர் ரோட்டுல நின்னு பாருங்க. ஊர் ஊரா பொண்ணுங்களை ஏத்திட்டு மில் பஸ் போகும். அந்தப் பொண்ணை நாளைக்கு வரவேணாம்னு சொன்னா கேட்க யார் இருக்கா?

திண்டுக்கல் மாவட்டத்துல ஈஸ்ட்மேன் குழுமத்தோட நாச்சி அப்பேரல் கம்பெனியில வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில கொல்லப்பட்டார். சூப்பர்வைசர் கைதானார். அதுக்கப்புறம் பெண்களே நடத்தற தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் விடாம போராடி, 2022 ஏப்ரல்ல ஈஸ்ட்மேனோட ஒப்பந்தம் போட்டுச்சு. எச்&எம், கேப், பிவிஎச்சும் தனித்தனியா கையெழுத்துப் போட்டாங்க. 'திண்டுக்கல் ஒப்பந்தம்'னு உலகமே நம்ம ஊர் பேரைச் சொல்லுது, நமக்குத்தான் தெரியாது. சங்கம் தேர்ந்தெடுத்த பெண்களே தளத்துல கண்காணிக்கணும்னு அதுல இருந்துச்சு. கம்பெனி மீறினா ஆர்டர்ல கை வைக்கணும்னும் இருந்துச்சு.

இனிதான் விஷயம். 2022 ஜூலையில கட்டாய உழைப்புப் புகாரால அந்தக் கம்பெனி சரக்கை அமெரிக்க சுங்கத்துறை தடுத்துச்சு. செப்டம்பர்லயே தடை நீங்கிடுச்சு. குறைகளைச் சரி பண்ணிட்டோம்னு காட்ட அந்த ஒப்பந்தம் கையில இருந்துச்சே! சங்கம் ஏற்றுமதியைக் கெடுத்துச்சா, காப்பாத்துச்சா?

1982 பம்பாய் மில் ஸ்ட்ரைக்கைக் காட்டுவீங்க. மறுக்கலை. சங்கம் தப்புக் கணக்கு போட்டா முதல்ல அடி வாங்கறது தொழிலாளிதான். ஆனா சங்கமே இல்லாத மில்லுல கணக்கை யார் போடறா?

மில் பொண்ணு சம்பளம் நூறு ரூபா கூடினா அது நம்ம ஊர் மளிகைக் கடைக்குத்தான் வரும், சுவிஸ் பேங்குக்குப் போகாது :-)

பெரியவரே, கவர்மென்ட்காரனுக்கு ஏன் சங்கம்னு கேட்டீங்க. உங்க பேத்திக்கு ஏன் இல்லைன்னு ஒருதடவை கேளுங்க.