வீட்டுக்குள் ஒரு ஜமீன்

வீரகேரளம்புதூர் என்றதும் பழைய மனிதர்களுக்கு நினைவு வருவது ஊற்றுமலை ஜமீன். ஜமீனின் அரண்மனை இந்த ஊரில்தான் இருந்தது. இருதயாலய மருதப்பத் தேவர் காலத்தில் புலவர்கள் வந்தார்கள், பாடினார்கள், பரிசு பெற்றார்கள். காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இந்த ஜமீனின் ஆதரவில் இருந்தவர். நல்லது. தமிழுக்குக் கிடைத்த லாபம் அது. ஆனால் அந்தப் புலவர்களுக்குச் சோறு பொங்கியவர்கள் யார்? எச்சில் இலை எடுத்தவர்கள் யார்? அரண்மனைக்குத் தண்ணீர் சுமந்த பெண்கள் யார்? அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. விவசாயிகள் போராடிப் பெற்ற சட்டம். ஜமீன் போயிற்று. ஆனால் இன்னொரு ஜமீன் அப்படியே இருக்கிறது. அதற்கு அரண்மனை தேவையில்லை; பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று போதும். மாலையில் வேலை முடிந்து வந்து, நாற்காலியில் சாய்ந்து, "ஏட்டி, தண்ணி கொண்டா" என்று குரல் கொடுக்கிறாரே, அந்த ஜமீன்தாரைத்தான் சொல்கிறோம். பல வீடுகளில் அந்த ஜமீன்தார் நம்முடைய தோழராகவே இருக்கிறார். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் மறைப்பது அதைவிட வெட்கம்.

இந்த வட்டாரத்து வீட்டின் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். வீரகேரளம்புதூர், சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம் என்று எங்கே போனாலும் வாசல்படியில் மடியில் சுளகோடு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பீடி சுற்றுகிறார்கள். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருகிறது. இலையும் தூளும் கம்பெனிக்காரர் கொடுக்கிறார். வேலை செய்யும் இடம் யாருடையது? தொழிலாளியின் வீடு. விளக்கு யாருடையது? தொழிலாளியுடையது. கத்தரியும் சுளகும், இலை நனைக்கும் தண்ணீரும்? அவையும் அவளுடையவை. தொழிற்சாலை கட்டும் செலவு கம்பெனிக்கு மிச்சம். கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. எத்தனை மணி நேரம் பிடித்தது என்று கேட்பார் கிடையாது.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்திருக்கிறாள். வாசல் தெளிக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும், கணவனுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கட்ட வேண்டும். முந்தின இரவு நனைத்து வைத்த இலையை வெட்ட வேண்டும். வெட்டிய இலையைச் சுற்ற உட்கார்ந்தால் அடுப்பில் குழம்பு பொங்குகிறது, எழுந்து ஓடுகிறாள். திரும்பி வந்து இருபது பீடி சுற்றுமுன் குழந்தை அழுகிறது, மறுபடி எழுகிறாள். கட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோனால், சரியில்லை என்று சிலவற்றை ஒதுக்கித் தள்ளுகிறார்கள். அந்த உழைப்புக்குக் கூலி இல்லை. சாரல் காலம் வந்தால் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறது. அதே சாரலில் இவள் துவைத்த துணி காயாமல் வீட்டுக்குள்ளே கொடி கட்டி அலைகிறாள். இரவு எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரம் விளக்கி, மறுநாளுக்கு இலை நனைத்துவிட்டுப் படுக்கிறாள்.

இதில் எட்டு மணி நேர வேலை எங்கே? மே தினத்தில் நாம் எழுப்பும் கோஷம் இந்த வாசல்படி வரை வந்து நின்றுவிடுகிறது.

இது பொய்க் கணக்கோ என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். மத்திய சர்க்காரே கணக்கு எடுத்திருக்கிறது. 2019ல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்திய நாட்டில் கூலியில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81.2 பேர். ஆண்கள் நூற்றுக்கு 26.1 பேர். ஈடுபட்டவர்களில் பெண் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். 2024ல் திரும்ப ஆய்வு செய்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிடம் என்று வந்தது. பத்து நிமிடம் குறைந்தது. சரி, அந்தப் பத்து நிமிடத்தை ஆண் ஏற்றுக்கொண்டானா? அவன் கணக்கு 97லிருந்து 88க்கு இறங்கியிருக்கிறது! ஐந்து வருஷத்தில் நம் ஆண் மக்கள் ஒன்பது நிமிடம் முன்னேறியிருக்கிறார்கள், பின்பக்கமாக.

"நான் சும்மாவா வருகிறேன்? பகலெல்லாம் மூட்டை தூக்கி, முதுகு ஒடிந்து வருகிறேன்" என்று தோழர் கேட்பார். நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டோம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், கொத்தனார் பக்கத்தில் கலவை சுமக்கிறவர், செங்கல் சூளையில் வேகிறவர், இவர்களுடைய களைப்பு நமக்குத் தெரியும். ஆனால் அவருடைய வேலைக்கு ஒரு முடிவு இருக்கிறது. மாலையில் கை கழுவிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்காரலாம், பத்திரிகை பார்க்கலாம், நாலு பேரோடு அரசியல் பேசலாம். அவளுக்கு அந்த பெஞ்சு எங்கே? இருவரும் களைத்தவர்களே. ஒருவர் களைப்புக்கு ஓய்வு உண்டு, மற்றவர் களைப்புக்கு அடுத்த வேலை உண்டு.

இன்னொரு தடங்கல், வெட்கம். ஆண்பிள்ளை விளக்குமாறு எடுத்தால் தெரு சிரிக்கும். பெற்ற தாயே, "ஆம்பளப் புள்ள கரண்டியத் தொடலாமாலே?" என்பாள். பெண்டாட்டிதாசன் என்ற பட்டம் ஒரு நாளில் ஊர் சுற்றி வரும். போலீஸ் தடியடிக்குப் பயப்படாத தோழர் இந்தப் பட்டத்துக்குப் பயப்படுகிறார்! கல்யாண வீட்டில் அண்டா அண்டாவாகச் சமைப்பவர் ஆண்தான். ஹோட்டலில் புரோட்டா தட்டுபவரும் ஆண்தான். கூலி கிடைத்தால் கரண்டி கௌரவம். கூலி இல்லாவிட்டால் அவமானம். இதில் ஆண்மை எங்கே வந்தது என்று நமக்கு விளங்கவில்லை.

இயந்திரம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. 2011ல் தமிழ்நாடு சர்க்கார் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அம்மியும் ஆட்டுரலும் மூலைக்குப் போயின. தோள்வலி கொஞ்சம் குறைந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கிரைண்டரில் அரிசி போடும் கையும், மாவை வழித்து எடுக்கும் கையும், பிறகு அதைக் கழுவி வைக்கும் கையும் பழைய கையாகவே இருக்கின்றன.

இந்த இடத்தில் மலைக்கு அந்தப்பக்கம் போய்ப் பார்ப்பது நல்லது. கேரளத்தில் கண்ணூர்ப் பகுதியில் பீடித் தொழிலாளர்கள் கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள். அங்கே ஒரு வழக்கம். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். வாசிப்பவருக்குக் கூலி நஷ்டம் வராதபடி மற்றவர்கள் பங்கு போட்டு ஈடு செய்வார்கள். 1966ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்து, அதை அமல்படுத்த முனைந்தபோது முதலாளிகள் கம்பெனியை மூடிவிட்டுப் போனார்கள். தொழிலாளர்கள் அழுதுகொண்டு நிற்கவில்லை. 1969ல் தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. உலக விஷயம் காதில் விழுந்துகொண்டே இருந்த கூட்டம் அது. அதனால் அவர்களால் முடிந்தது.

நம் பக்கத்துப் பெண் தனியாக வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கை ஓடுகிறது, காதுக்கு வேலை இல்லை. இந்த ஏட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் தோழர் படித்து முடித்ததும் அது என்ன ஆகிறது? தூள் சிந்தாமல் இருக்க சுளகுக்கு அடியில் விரிக்கப்படுகிறது. நாம் எழுதும் தலையங்கத்தின்மேல் புகையிலை கொட்டுவதைப்பற்றி நமக்கு மனஸ்தாபம் இல்லை. கொட்டுவதற்கு முன் அரைமணி நேரம் அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டினால் என்ன என்றுதான் கேட்கிறோம். தோழருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் பள்ளிக்கூடம் போகும் பையன் இருக்கிறான்.

அந்தப் பையனைப்பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி விட்டதும் அவன் பையை எறிந்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போகிறான். அதே பள்ளியிலிருந்து வந்த அவன் தங்கை கைகால் கழுவிவிட்டு, அம்மா சுற்றிய பீடியின் முனையை மடக்க உட்காருகிறாள். பரீட்சையில் இருவருக்கும் ஒரே வினாத்தாள். இன்றைக்கு அவன் தட்டை அவனே கழுவட்டும் என்று சொன்னால் நாளைக்கு ஒரு ஜமீன்தார் குறைவு.

வேலைநிறுத்தம் என்றால் தோழர்களுக்கு உடனே புரியும். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்து என்ற சின்னத் தீவு நாட்டில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆபீஸ் வேலை மட்டும் அல்ல. சமையல், துவைப்பு, பிள்ளை பார்ப்பது எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கலந்துகொண்டார்கள். ஆண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். சுலபமாகச் சமைக்கும் இறைச்சி வகைகள் கடைகளில் தீர்ந்துபோயின. மறு வருஷமே அந்நாட்டு நாடாளுமன்றம் ஆண் பெண் சமத்துவச் சட்டம் செய்தது. ஐந்து வருஷம் கழித்து விக்டிஸ் என்ற பெண்மணியை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நம் வீடுகளில் அப்படி ஒரு நாள் வந்தால் நம்மில் எத்தனை பேருக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியும்?

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தோழர் பாத்திரம் விளக்குகிறார், தண்ணீர் பிடிக்கிறார். அவளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணியில் கூட நாலு கட்டு சுற்றினால் வீட்டுக்கு லாபம்தானே என்று மனசு கணக்குப் போடும். கூலி குறைவாக இருக்கும்வரை அந்தக் கணக்கு ஓயாது. அப்படியானால் மிச்சமான நேரம் போகும் இடம் கம்பெனியின் கல்லாப்பெட்டி! நாம் பாத்திரம் விளக்குவது முதலாளிக்காக அல்ல. அந்த ஒரு மணி அவளுடையதாக இருக்க வேண்டும். படிக்கட்டும், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவள் விண்ணப்பம் எழுதப் பழகட்டும், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும், ஒன்றும் வேண்டாம் என்றால் கால் நீட்டிப் படுக்கட்டும். யூனியன் கூட்டத்துக்கு வரட்டும்.

யூனியன் கூட்டத்துக்கு அவள் வந்தாக வேண்டிய காலமும் இது. 1976ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. அந்த நிதிக்காகப் பீடியின்மேல் போட்டிருந்த தனி வரி 2017ல் சரக்கு சேவை வரி வந்ததோடு எடுக்கப்பட்டது. 1966ம் வருஷச் சட்டத்தையும் சேர்த்து விழுங்கிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமல் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. தனக்கு எது இருந்தது, எது போகிறது, எது மிஞ்சும் என்று சுற்றுகிற கைக்குத் தெரிய வேண்டாமா? அவளுக்காக நாம் கூடிப் பேசித் தீர்மானம் போட்டுவிட்டு வருகிறோம். அவள் வீட்டில் நமக்காகச் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள்.

கிளைக் கூட்டம் வழக்கமாக மாலை ஆறு மணிக்குப் போடுகிறார்கள். அது விளக்கு வைக்கும் நேரம், உலை வைக்கும் நேரம், கட்டு எண்ணும் நேரம். பெண்கள் வரவில்லை, ஆர்வமில்லை என்று பிறகு அறிக்கையில் எழுதுகிறார்கள். வீரகேரளம்புதூர் வட்டாரத் தோழர்களுக்கு நம் யோசனை இது: அடுத்த கூட்டத்தைப் பெண்களைக் கேட்டு நேரம் வையுங்கள். அன்று எந்தெந்த வீட்டில் எந்தத் தோழர் சமைக்கிறார் என்பதையும் அறிவிப்பிலேயே எழுதி ஒட்டுங்கள். குழம்பு எப்படி வந்தது என்பது மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிடும்.