கப்பலுக்கு முன் ஒரு கண்டம்

மும்பையில் கப்பலேறுகிறவர்களுக்காக வெள்ளையர் காலத்தில் ரயிலே பல்லார்டு பியர் வரை வந்தது. இப்போது குர்லா டெர்மினஸில் இறங்கி ஆட்டோவைக் கூப்பிட்டால் சயானோடு சரி. அதற்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. ஒரே ஒரு பை என்றால் திலக் நகரிலிருந்து ஹார்பர் லைன் மின்ரயிலில் சி.எஸ்.எம்.டி., அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். விமானத்தில் வருகிறவர்களுக்கு 2025 முதல் மெட்ரோவும் அதுவரை உண்டு.

நாங்கள் வந்த ரயில் மூன்று மணி நேரத் தாமதம். மூன்று பெட்டி, முழங்கால் வலியோடு அம்மா. நான் மின்ரயிலே போதும் என்றேன். மேம்பாலப் படிகளில் பாதியிலேயே அம்மா உட்கார்ந்துவிட்டாள். பிறகு டாக்சி, ஈஸ்டர்ன் ஃப்ரீவே. கிரீன் கேட்டை அடைந்தபோது பதிவு முடியப் பத்தே நிமிடம். மிச்சம் பிடிக்கப் பார்த்த அந்தச் சில நூறு ரூபாயை அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.