மண்ணின் வில்லங்கம்



கடையில் சேர்த்த பணத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விட எண்ணுகிறீர்கள். நல்ல எண்ணம். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்! ஏன் மலிவு என்று கேளுங்கள்.

ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமிய ரசாயன ஆலை இரண்டு லட்சம் டன்னுக்கும் மேலான கழிவைக் குவித்துவிட்டுப் போனது. மழைதோறும் அந்த நஞ்சு நிலத்தடிக்கு இறங்கியது. வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நம்மவர் பலருக்குச் சோறு போட்டது உண்மை. தண்ணீர் கெட்டதும் உண்மை.

பத்திரம் பார்க்கிறோம். வில்லங்கச் சான்று பார்க்கிறோம். மண்ணின் வில்லங்கம் அந்தச் சான்றில் வராதே! முன்பு அங்கே என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, குரோமியத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும். குரோமியமும் உப்பும் போகாது.

வாடகை உங்கள் கைக்கு வரும். தண்ணீரைக் குடிப்பதோ குடியிருப்பவரின் குழந்தை. சரக்கின் குறையை மறைத்து விற்பது கூடாது என்று மார்க்கம் சொல்கிறது. கடைக்கு ஒரு தராசு, வீட்டுக்கு ஒரு தராசா? சிந்தியுங்கள்!